மாடிக்கு மாடி ஒரு வலை: சமூக மெஷ் வலையமைப்பு குறித்து வாசகர் கேள்வி – பதில்

அக்கம்பக்கத்தார் ஒன்றுகூடித் தங்கள் மாடிகளில் கம்பியில்லாக் கருவிகளைப் பொருத்தி, தாங்களே நடத்தும் வலையமைப்பை உருவாக்குவது பற்றிச் சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் பல, ஒரே ஐயத்தை வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்தன. அவற்றைச் சேர்த்து எட்டுக் கேள்விகளாக்கி, இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் பதினைந்து வீட்டார் சேர்ந்து மெஷ் வலையமைப்பு தொடங்க முடிவு செய்து, ஆளுக்கொரு பங்கு போட்டுப் பணமும் சேர்த்துவிட்டோம். எந்தக் கருவியை எத்தனை வாங்குவது என்று சொன்னால் அடுத்த வாரமே தொடங்கிவிடலாம். – ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்

பதில்: அம்மா, சேர்த்த பணத்தை இன்னும் சில வாரங்களுக்குத் தொடாமல் வைத்திருங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். கருவிகளை மொத்தமாக வாங்கி வந்து, ஒரே விடுமுறை நாளில் எல்லா வீடுகளிலும் பொருத்திவிட்டு, இனி அவை தாமாகவே பார்த்துக்கொள்ளும் என்று நம்பிய குழுக்களை நான் அறிவேன். கருவிகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளத்தான் செய்கின்றன. ஆனால் எந்த இணைப்பு வலுவானது, எது பெயரளவில் மட்டும் இருக்கிறது, எந்த வீட்டில் மின்சாரம் நின்றால் எத்தனை வீடுகளுக்கு வலை அறுந்துபோகும் என்பது எவருக்கும் தெரியாத நிலையில் முதல் கோளாறு வரும்போது, எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பதே புலப்படாது.

மெஷ் என்ற சொல் இப்போது இரண்டு பொருளில் வழங்குகிறது. கடைகளில் மூன்று மூன்றாகக் கட்டி விற்கப்படும் மெஷ் வைஃபை கருவிகள், ஒரு வீட்டின் அறைகளுக்குள் சிக்னலைப் பரப்புவதற்கானவை. வெயிலிலும் மழையிலும் மாடியில் நிற்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. நீங்கள் தொடங்க விரும்பும் சமூக மெஷ்ஷில், கணு எனப்படும் ஒவ்வொரு கருவியும் தன் வீட்டுத் தரவை மட்டுமன்றி அண்டை வீட்டாரின் தரவையும் வாங்கி அடுத்த கணுவுக்குக் கடத்துகிறது. ஒரு கணு செயலிழந்தால், தரவு வேறு வழியாகச் செல்லுமாறு மற்றவை பாதையை மாற்றிக்கொள்கின்றன. இதற்கு அந்த வேறு வழி உண்மையிலேயே இருக்க வேண்டும். பதினைந்து வீடுகளும் உயரமான ஒரே மாடியை மட்டும் பார்த்தபடி நிற்குமானால், அந்த மாடியில் மின்சாரம் போன நாளில் எந்த மென்பொருளாலும் பயன் இல்லை.

ஆகவே முதல் வேலை மாடி ஏறுவதுதான். இருவர் இருவராகச் சென்று, எந்த மாடியிலிருந்து எந்த மாடி கண்ணுக்குத் தெரிகிறது, இடையில் எந்த மரம் வளர்ந்துகொண்டிருக்கிறது, ஆன்டெனாவுக்கான மின்சாரம் எந்த அறையிலிருந்து வரும், மாடிக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்பவற்றையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாடியிலிருந்தும் நான்கு திசைகளிலும் ஒளிப்படம் எடுத்து, தேதியிட்டு வையுங்கள். ஓர் ஆண்டு கழித்து ஓர் இணைப்பு காரணமின்றி நலியும்போது, அந்தப் பழைய படத்தையும் எதிரே தெரியும் காட்சியையும் ஒப்பிட்டுப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

அதன் பிறகு, ஒன்றையொன்று தெளிவாகப் பார்க்கும் இரண்டு வீடுகளை மட்டும் தேர்ந்தெடுத்து, இரண்டே இரண்டு வெளிப்புறக் கருவிகளை வாங்கி, ஓர் இணைப்பை அமையுங்கள். அதை ஒரு மாதம் ஓடவிட்டு, நாள்தோறும் ஒருவர் சிக்னல் அளவையும் வேகத்தையும் ஒரு நோட்டில் எழுதி வரட்டும். கருவி காட்டும் சிக்னல் எண் மைனஸ் 65 டிபிஎம் (சிக்னல் வலுவின் அலகு) அளவிலோ, மைனஸ் 60 போல அதைவிட வலுவாகவோ இருந்து, மழை நாளிலும் பெரிதாகச் சரியாமல் இருந்தால், அந்த இணைப்பின்மேல் மூன்றாவது வீட்டை நம்பி வைக்கலாம். இந்த ஒரு மாதத்தில், கருவியைத் தவிர இன்னொன்றும் சோதிக்கப்படுகிறது: தினமும் மறக்காமல் எழுதுபவர் யார், அழைத்தவுடன் மாடி ஏறுபவர் யார் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். பதினைந்து வீடுகளின் வலை நிற்கப்போவது அந்த இரண்டு மூன்று பேரின் தோளில்தான்.

கேள்வி: மெஷ் வலையமைப்பில் ஒவ்வொரு தாவலுக்கும் வேகம் பாதியாகிவிடும் என்று படித்தேன். அப்படியானால் ஐந்தாவது வீட்டுக்கு என்ன மிஞ்சும்? இந்த முயற்சியே வீண்தானா? – பொறியியல் மாணவர்

பதில்: தரவு ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குச் செல்வதைத்தான் தாவல் என்கிறோம். நீங்கள் படித்தது உண்மைதான். ஆனால் அந்த உண்மை எந்த இடத்தில் பொருந்தும் என்பதை அறிந்துகொண்டால் அச்சம் நீங்கும்.

ஒரு கருவியில் ஒரே ஒரு ரேடியோ இருந்து, அது ஒரே சேனலில் வாங்கவும் அனுப்பவும் வேண்டியிருந்தால், வாங்கும் நேரத்தில் அதனால் அனுப்ப இயலாது. ஆகவே ஒரு கணுவைத் தாண்டியவுடன் கிடைக்கும் வேகம் பாதிக்குமேல் இருக்க வழியில்லை. நடைமுறையில் பாதிகூட இருப்பதில்லை. இரண்டு தாவல் தொலைவில் உள்ள இரு கருவிகள் ஒன்றையொன்று கேட்க முடியாத நிலையில் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, நடுவில் உள்ள கணுவின் காதில் இரண்டு குரல்களும் மோதிக்கொள்வது இதற்கு ஒரு காரணம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், கேம்பிரிட்ஜ் நகரில் தன்னார்வலர் வீட்டுக் கூரைகளில் அமைத்த ரூஃப்நெட் என்ற வலையமைப்பில் 37 கணுக்களை வைத்து அளந்து பார்த்தபோது, இரண்டாவது தாவலிலேயே சராசரி வேகம் முதல் தாவலின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியிருந்தது. கணக்கு முறையிலும் இது முன்பே தெளிவாகியிருந்தது. பியூஷ் குப்தாவும் பி.ஆர்.குமாரும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, ஒரே அலைவெளியைப் பகிரும் கணுக்கள் பெருகப் பெருக ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் பங்கு, அவற்றின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒட்டிச் சுருங்கிக்கொண்டே போகும் என்பதைக் காட்டியது. கருவியின் தரத்தைக் கூட்டி இதைத் தாண்டிவிட முடியாது. அலைவெளியைப் பிரித்துக்கொள்வதுதான் வழி.

நீண்ட காலம் நிலைத்த சமூக வலையமைப்புகள் எல்லாம் அதைத்தான் செய்தன. ஸ்பெயினின் கட்டலோனியாவில் ஓசோனா வட்டாரத்தில் 2004-இல் தொடங்கி, இன்று 30,000-க்கும் மேற்பட்ட கணுக்களைக் கொண்டிருக்கும் குய்ஃபி வலையமைப்பை வரைபடத்தில் பார்த்தால், எல்லாரும் எல்லாரோடும் பேசும் பின்னலாக அது இல்லை. ஒன்றையொன்று குறிபார்த்து நிற்கும் திசை ஆன்டெனாக்களால் ஆன முதுகெலும்பு ஒன்றும், அதன் ஒவ்வொரு மூட்டிலிருந்தும் சுற்றுப்புற வீடுகளுக்கு விரியும் கிளைகளுமாக இருக்கிறது. முதுகெலும்பின் ஒவ்வோர் இணைப்புக்கும் தனி ரேடியோ, தனி சேனல். ஒரு ரேடியோ வாங்கிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துக் கம்பத்தில் உள்ள இன்னொன்று அனுப்பிக்கொண்டிருக்கும். அங்கே வேகம் பாதியாக வேண்டிய தேவையே எழுவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மிகக் குறைந்த தாவல்களில் சென்றுவிடும் பாதையே சிறந்தது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் தாவல்கள் குறையக் குறைய ஒவ்வொரு தாவலும் நீளமாகிறது; நீண்ட தாவலில் பாக்கெட்டுகள் எனப்படும் தரவுத் துண்டுகள் தவறித் திரும்பத் திரும்ப அனுப்பப்படுகின்றன. ஒரு பாக்கெட்டைச் சேர்ப்பிக்க மொத்தம் எத்தனை முறை அனுப்ப வேண்டிவரும் என்று மதிப்பிட்டு, அந்த எண் எங்கே குறைவோ அந்தப் பாதையைத் தேர்ந்தெடுக்கும் முறையை, ரூஃப்நெட்டை உருவாக்கிய அதே ஆய்வகத்தார் 2003-இல் முன்வைத்தார்கள். உங்கள் கணுக்கள் இத்தகைய அளவையைப் பயன்படுத்துகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்விக்கு நேரான விடை இதுதான்: ஐந்தாவது வீடு ஐந்தாவது தாவலாக இருக்கும்படி வலையை அமைக்காதீர்கள். இரண்டு மாடிகளை முதுகெலும்பாக வலுப்படுத்தினால், பெரும்பாலான வீடுகள் இரண்டு அல்லது மூன்று தாவலுக்குள் வந்துவிடும். தெருவோரத்தில் கடைசியாக நிற்கும் ஓரிரு வீடுகளுக்கு மட்டும் ஒற்றை ரேடியோ மெஷ் போதும். அங்கே அது மிக நன்றாகவே உதவுகிறது.

கேள்வி: எங்கள் இரண்டு மாடிகளுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். ஒன்றிலிருந்து மற்றொன்று கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. முதல் சில மாதங்கள் நன்றாக இருந்த இணைப்பு இப்போது அடிக்கடி அறுந்துபோகிறது. கருவியை மாற்ற வேண்டுமா? – குடியிருப்போர் சங்கச் செயலாளர்

பதில்: கண்ணுக்குத் தெரிவது போதாது. ரேடியோ அலை ஊசிநூல் போல நேர்க்கோட்டில் செல்வதில்லை. இரண்டு ஆன்டெனாக்களுக்கும் நடுவில் பருத்து, இரு முனைகளிலும் மெலிந்த ஒரு வெளியை அது எடுத்துக்கொள்கிறது. ஃபிரெனல் மண்டலம் எனப்படும் இந்த வெளியின் ஆரம், ஒரு கிலோமீட்டர் இணைப்பின் நட்டநடுவில், 5.8 கிகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 3.6 மீட்டர், 2.4 கிகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 5.6 மீட்டர். அந்த ஆரத்தில் 60 விழுக்காடாவது தடையின்றி இருக்க வேண்டும் என்பது கணக்கு. அதாவது, பார்வைக் கோட்டுக்கு இரண்டு மீட்டர் கீழே ஒரு மரத்தின் உச்சி வந்து நின்றாலே, எதிர் மாடி உங்கள் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும்போதே இணைப்பு நலியத் தொடங்கிவிடும். இலைகளில் உள்ள நீர் இந்த அலைகளை உறிஞ்சுகிறது. தளிர் விட்டு அடர்ந்திருக்கும் மாதங்களிலும், மழையில் இலை நனைந்திருக்கும் நேரங்களிலும் நலிவு கூடும். நீங்கள் இணைப்பை அமைத்தபோது அந்த மரம் இலையுதிர்த்து நின்றிருக்கலாம், அல்லது அந்த அளவு உயரம் வளராமல் இருந்திருக்கலாம். மரத்தை வெட்ட வேண்டாம். கம்பத்தை ஓரிரு மீட்டர் உயர்த்திப் பாருங்கள், அல்லது இடையில் மூன்றாவது மாடி ஒன்றைத் தேடுங்கள்.

அதற்கு முன்னால், அறுபடும் விதத்தைக் கவனியுங்கள். சிக்னல் எண் மெல்லச் சரிந்து பின்பு அறுந்தால் மரத்தையோ, காற்றில் திரும்பிவிட்ட ஆன்டெனாவையோ ஐயப்படலாம். எண் நன்றாக இருக்கும்போதே இணைப்பு சட்டென மறைந்து, ஒரு நிமிடமோ அதற்கு மேலோ கழித்து வேறொரு சேனலில் திரும்பி வந்தால், காரணம் பெரும்பாலும் ரேடார். 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் ஒரு பகுதியை வானிலை ரேடார்களும் பிற ரேடார்களும் பயன்படுத்துவதால், அங்கே இயங்கும் வைஃபை கருவி ரேடார் அலையை உணர்ந்தவுடன் அந்தச் சேனலை விட்டு விலகி, 30 நிமிடங்களுக்கு அங்கே திரும்பாமல் இருக்க வேண்டும். புதிய சேனலும் அதே வகையாக இருந்தால், 60 நொடிகளாவது கேட்டுப் பார்த்த பிறகே பேசத் தொடங்க வேண்டும் என்பது பல நாடுகளில் விதி. அந்தக் கட்டுப்பாடு இல்லாத சேனலுக்கு மாற்றினால் சரியாகிவிடும். இந்த விதியை ஏமாற்றுவதற்காகக் கருவியில் வேறு நாட்டின் பெயரைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த ரேடாரை நம்பி விமானமோ புயல் எச்சரிக்கையோ இருக்கிறது.

கேள்வி: மென்பொருளில் எதைத் தேர்ந்தெடுப்பது? ஆளுக்கொன்று சொல்கிறார்கள். – கணினிப் பணியாளர்

பதில்: உங்கள் குழுவில் குறைந்தது இருவருக்குப் புரியும் மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள். ரவுட்டர்களுக்கான கட்டற்ற இயங்குதளமான ஓபன்டபிள்யூஆர்டி பெரும்பாலான குழுக்களுக்கு நல்ல அடித்தளம். லிங்க்சிஸ் ரவுட்டர் ஒன்றின் மூலநிரல் வெளியான பிறகு, 2004-இல் அதிலிருந்து கிளைத்த இந்தத் திட்டம் இன்றும் உயிர்ப்போடு இருக்கிறது. பாதை தேர்ந்தெடுக்கும் நெறிமுறைகளில், ஜெர்மனியின் சமூக வலையமைப்பு இயக்கமான ஃப்ரைஃபுங்க் குழுவினரிடையே பிறந்து 2011-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் இடம்பிடித்த பேட்மேன், எளிமையும் சிக்கனமும் உள்ள பேபல், 2003-இலேயே தரநிலை ஆவணம் பெற்ற ஓஎல்எஸ்ஆர் ஆகிய மூன்றும் களத்தில் தேறியவை. இருபது முப்பது கணுக்கள் அளவில் இவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டைப் பயனாளர் உணரப்போவதில்லை. ஐபி முகவரிகளை யாருக்கு எது என்று தொடக்கத்திலேயே ஒரு பட்டியலில் பதிந்து வைக்காததால் வரும் துன்பத்தை எல்லாரும் உணர்வார்கள்.

கேள்வி: வலை அமைத்துவிட்டோம். இணையம் எங்கிருந்து வரும்? என் வீட்டு இணைப்பையே எல்லாருக்கும் திறந்துவிட்டால் சட்டச் சிக்கல் வருமா? – சிறு தொழில் நடத்தும் வாசகி

பதில்: வரக்கூடும். இரண்டு தனித்தனிக் கதவுகளைப் பார்க்க வேண்டும். ஒன்று, உங்களுக்கு இணைய இணைப்பு தரும் நிறுவனத்தோடு நீங்கள் செய்துகொண்ட ஒப்பந்தம். வீட்டு இணைப்புகளைப் பற்றிய ஒப்பந்தங்கள் பலவும் வெளியாருக்குப் பகிர்வதைத் தடுக்கின்றன. பகிர்வதற்கு அனுமதிக்கும் திட்டம் உண்டா என்று கேட்டு, விடையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மற்றொன்று, உங்கள் நாட்டின் தொலைத்தொடர்புச் சட்டம். உரிமமின்றிப் பயன்படுத்தக்கூடிய அலைவரிசைகள், அனுமதிக்கப்பட்ட ஆற்றல், பொது இடத்தில் இணையம் தருபவர் வைத்திருக்க வேண்டிய பதிவுகள் ஆகியவை நாட்டுக்கு நாடு மாறுகின்றன. பணம் பெற்றுக்கொண்டு தந்தால் விதிகள் இன்னும் மாறும்.

இது வெறும் காகித அச்சம் அல்ல என்பதற்கு ஜெர்மனியின் அனுபவமே சான்று. தன் வைஃபையை வேறொருவர் தவறாகப் பயன்படுத்தினால், அதைத் தடுக்காத உரிமையாளரிடமும் நீதிமன்றம் வழியே கேள்வி கேட்கலாம் என்ற சட்டக் கோட்பாடு அங்கே இருந்தது. 2010-இல் அந்நாட்டின் உச்ச நிலை உரிமையியல் நீதிமன்றம், தனியார் தங்கள் வைஃபையைக் கடவுச்சொல்லால் காக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஃப்ரைஃபுங்க் தன்னார்வலர்கள் மனம் தளராமல், வீட்டு உரிமையாளரின் இணைய முகவரி வெளியே தெரியாதபடி விபிஎன் எனப்படும் மறைகுறியிட்ட தனிவழியாகத் தரவைக் கொண்டுசென்று, ஒருபுறம் பகிர்வைத் தொடர்ந்தார்கள்; மறுபுறம் சட்டத்தை மாற்றக் கோரி ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். 2017-இல் சட்டம் மாறியது. அவர்களுக்கு அமைந்த பொறுமை எல்லாக் குழுவுக்கும் அமையும் என்று எதிர்பார்க்க இயலாது. ஆகவே தொடங்கும் முன்பே ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள்.

இணையம் இல்லாவிட்டாலும் வலைக்குப் பயன் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். குடியிருப்புக்குள்ளேயே ஒரு சிறிய சர்வரை வைத்து, அறிவிப்புப் பலகை, கோப்புப் பகிர்வு, உள் அழைப்பு, பாடப் பொருள்கள் ஆகியவற்றை ஓடவிடலாம். வெளி இணைப்பு அறுந்த நாளிலும் அவை இயங்கும். 2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது, புரூக்ளினின் ரெட் ஹுக் பகுதியில் சமூக அமைப்பு ஒன்று அமைக்கத் தொடங்கியிருந்த சிறிய வலை தாக்குப்பிடித்து நின்றது. அரசின் பேரிடர் முகமை தன் செயற்கைக்கோள் இணைப்பை அந்த வலையோடு சேர்த்த பின், அக்கம்பக்கத்தார் தொடர்புகொள்ளவும் உதவி பெறவும் அது வழியாயிற்று. அப்போது அங்கிருந்த கணுக்கள் மிகச் சிலவே.

கேள்வி: என் தரவு பக்கத்து வீட்டு ரவுட்டர் வழியாகச் செல்கிறது என்றால், அவர் அதைப் பார்க்க முடியுமா? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முகவரி எச்டிடிபிஎஸ் (https) என்று தொடங்கும் தளங்களிலும், தரவைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்பும் மறையாக்கம் உள்ள செயலிகளிலும் நீங்கள் எழுதுவதையும் படிப்பதையும் அவரால் பார்க்க முடியாது. எந்தத் தளத்துக்குச் செல்கிறீர்கள், எப்போது, எவ்வளவு நேரம் என்பது போன்ற புறத்தடங்கள் தெரியக்கூடும். விபிஎன் பயன்படுத்தினால் எந்தத் தளம் என்பது அவருக்கு மறையும்; எப்போது, எவ்வளவு நேரம் என்பது அப்போதும் தெரியக்கூடும். அண்டை வீட்டாரின் கண்காணிப்பு என்பது, குறிப்பாகப் பெண்களுக்கு, தொலைதூரத் திருடனைக் காட்டிலும் உண்மையான அச்சம் என்பதால் இந்தக் கேள்வியை நான் பெரிதாகவே எடுத்துக்கொள்கிறேன். கணுக்களை நிர்வகிப்பவர்கள் எந்தப் பதிவுகளைச் சேமிப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பதைக் குழு எழுத்தில் முடிவுசெய்து எல்லாருக்கும் காட்ட வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். காட்டத் தயங்கும் குழுவில் சேராதீர்கள். கணுக்களுக்கு இடையிலான இணைப்பும் மறையாக்கத்தோடு இருக்க வேண்டும், கருவிகளுக்குள் இயங்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் காலத்துக்குக் காலம் புதுப்பிக்கப்பட வேண்டும்.

கேள்வி: நாங்கள் ஐவர் சேர்ந்து தொடங்கிய வலை நான்கு ஆண்டுகளாக ஓடுகிறது. இருவர் இடம்பெயர்ந்துவிட்டார்கள், இருவருக்கு வேலைப்பளு. இப்போது நாற்பது வீடுகளுக்கு நான் ஒருவனே. இரவு பத்து மணிக்கும் தொலைபேசி ஒலிக்கிறது. நிறுத்திவிடலாமா என்று தோன்றுகிறது. – களைத்துப்போன தன்னார்வலர்

பதில்: ஐயா, இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இந்த நிலையில் நானும் இருந்திருக்கிறேன்.

ஒரு மழைக்காலத்தில், எங்கள் வலையின் நடுநாயகமாக இருந்த மாடியில் கருவி வாரத்துக்கு இருமுறை தானாக நின்று தானாக எழுந்தது. மென்பொருளை மாற்றினேன், மின்கருவியை மாற்றினேன், இரவெல்லாம் பதிவுகளைப் படித்தேன். கடைசியில் மாடி ஏறி, கேபிளின் முனையைக் கழற்றிப் பார்த்தபோது, கனெக்டரின் எட்டுத் தகடுகளில் இரண்டு பச்சை பூத்திருந்தன. கேபிளைச் சாய்த்தவுடன் உறைக்குள்ளிருந்து ஒரு சொட்டு நீர் என் விரலில் விழுந்தது. வெயிலைத் தாங்காத உட்புறக் கேபிளை மூன்றாண்டுக்கு முன் அவசரத்தில் நானே போட்டிருந்தேன். உறை வெடித்து, மழைநீர் உள்ளே இறங்கி, கேபிள் வழியே கருவி வரை போய்ச் சேர்ந்திருந்தது. கருவிக்குள் நுழையும் முன் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவாக விட்டிருந்தால் உறைமேல் வழியும் நீராவது அங்கேயே சொட்டிவிட்டிருக்கும். அதைவிட என்னை உறுத்தியது வேறு: அந்த மாடியில் என்ன கேபிள் போடப்பட்டது என்பது என் நினைவைத் தவிர எங்கும் எழுதப்படவில்லை. நான் ஊரில் இல்லாத வாரத்தில் அது நின்றிருந்தால், வேறு எவராலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஆகவே நிறுத்துவதற்கு முன், ஒரு மாதம் புதிய வேலை எதையும் எடுக்காமல், தெரிந்ததையெல்லாம் எழுதுங்கள். ஒவ்வொரு மாடிக்கும் ஒரு தாள்: என்ன கருவி, எந்தக் கேபிள், எந்தத் தேதியில், எந்த முகவரி, சாவி யாரிடம். கடவுச்சொற்களைக் கடவுச்சொல் பெட்டகத்தில் இட்டு இன்னும் இருவரிடம் பகிருங்கள். பிறகு நாற்பது வீட்டாரையும் ஒரு கூட்டத்துக்கு அழைத்து, நீங்கள் எழுதியிருக்கும் அதே சொற்களில் நிலையைச் சொல்லுங்கள். வலை தானாக ஓடுவதாக அவர்கள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் அவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டதால்தான் அப்படி எண்ண முடிந்தது. முதல் தொலைபேசி அழைப்பை ஏற்கும் பொறுப்பை வாரம் ஒருவராக மாற்றலாம். கருவியை அணைத்துப் போடுவது, வயரைச் சரிபார்ப்பது போன்றவற்றைச் சொல்லித்தரத் தொழில்நுட்ப அறிவு தேவையில்லை. இரவு எட்டு மணிக்குப் பின் வரும் கோளாறு மறுநாள் காலைதான் பார்க்கப்படும் என்று அறிவித்துவிடுங்கள். ரெட் ஹுக்கில் உள்ளூர் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, கருவி பொருத்தவும் பழுதுபார்க்கவும் ஊதியத்தோடு பயிற்சி தந்தார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

பணம் கொடுத்தால் தன்னார்வம் கெட்டுவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை நான் ஏற்கவில்லை. குய்ஃபி வலையமைப்பு 2008-இல் ஓர் அறக்கட்டளையை நிறுவி, வலையைப் பொதுச்சொத்தாக வைத்துக்கொண்டே, அதன்மேல் தொழில் நடத்தும் நிறுவனங்கள் பயன்பாட்டுக்கேற்பப் பராமரிப்புச் செலவில் பங்கேற்கும் ஏற்பாட்டைச் செய்தது. வலை எல்லாருக்கும் உரியதாக இருப்பதும், மாடி ஏறுபவருக்குக் கூலி கிடைப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இவ்வளவும் செய்த பிறகும் ஒருவரும் முன்வராவிட்டால், தேதி அறிவித்து, கருவிகளைக் கழற்றி, உரியவரிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வெடுங்கள். அதில் தோல்வி ஏதும் இல்லை.

கேள்வி: எங்கள் பகுதியின் மிக உயரமான மாடி தனியாக வாழும் மூதாட்டி ஒருவருடையது. ஆன்டெனா வைக்கக் கேட்டோம், மறுத்துவிட்டார். அவர் சம்மதிக்காமல் பாதி வீடுகள் இணையாது. எப்படிப் பேசுவது? – கல்லூரி மாணவி

பதில்: அவர் ஏன் மறுத்தார் என்று கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. தளத்தில் துளை போட்டால் நீர் கசியும், இடி விழும், மின்கட்டணம் ஏறும், அறிமுகமில்லாத இளைஞர்கள் எந்நேரமும் மாடி ஏறுவார்கள் என்பவை இத்தகைய மறுப்புகளுக்குப் பின்னால் வழக்கமாக இருப்பவை. இவை அனைத்தும் நியாயமான கவலைகள். ஒவ்வொன்றுக்கும் சொல்லால் அன்றிச் செயலால் விடை தர வேண்டும்.

துளையிடாமல், தட்டையான சட்டத்தின்மேல் கற்களை அடுக்கி எடையால் நிற்கும் கம்பத்தை வைக்கலாம். கற்களுக்குக் கீழே ரப்பர் விரிப்பு போட்டால் தளமும் தேயாது. கம்பத்துக்கும் கேபிளுக்கும் முறையான எர்த்தும் மின்னல் தடுப்பும் தகுதி பெற்ற மின்பணியாளரைக் கொண்டே செய்யுங்கள். மின்கம்பிகளுக்கு அருகில் கம்பத்தை நிமிர்த்தவே கூடாது, தனியாளாக ஒருபோதும் மாடி விளிம்பில் வேலை செய்யக் கூடாது. கருவி ஒன்று பொதுவாக ஓர் சிறிய விளக்கு அளவு மின்சாரமே எடுக்கும். என்றாலும் அந்தச் செலவைக் குழுவே முன்கூட்டிச் செலுத்தட்டும். எவர் வருவார், எந்த நேரத்தில், முன்பே சொல்லிவிட்டுத்தானா என்பதை ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில், அவர் படிக்கும் மொழியில் எழுதுங்கள். ஐரோப்பியக் குழுக்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் பீகோ பியரிங் உடன்படிக்கை, மற்றவர் தரவைத் தடையின்றிக் கடக்கவிடுவது, தொடர்புக்கான விவரங்களைத் திறந்து வைப்பது, எந்த உத்தரவாதமும் தராதது என்று சில வரிகளிலேயே முடிந்துவிடுகிறது. அதில் மாடி உரிமையாளருக்கான உறுதிமொழிகளை நீங்கள் சேர்த்துக்கொள்ளலாம். அவர் வேண்டாம் என்று சொன்ன நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் எல்லாவற்றையும் கழற்றி, தளத்தைப் பழையபடி ஒப்படைப்போம் என்ற வரி அதில் கட்டாயம் இருக்கட்டும்.

இவ்வளவுக்கும் பிறகு அவர் மறுத்தால், அத்துடன் விட்டுவிடுங்கள். அக்கம்பக்கத்தாரைக் கொண்டு அழுத்தம் தருவது வேண்டாம். அவர் மாடியைச் சுற்றியுள்ள இரண்டு தாழ்வான மாடிகளின் வழியாக வளைந்து செல்லும் பாதை ஒன்று அநேகமாக இருக்கும். ஒரு தாவல் கூடும், ஆனால் அந்தப் பாதையில் இருக்கும் இரண்டு வீடுகள் விரும்பி வந்தவை. நாளை மறுநாளே ஒரு தொலைநோக்கியோடு மாடி ஏறி, அந்த இரண்டு மாடிகளும் எவை என்று பார்த்து எழுதுங்கள்.